ஒரு மனைவி, அவள் பிள்ளை

தில்லையாடி வள்ளியம்மை பாடம் நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். இந்தியர்களின் கல்யாணம் செல்லாது என்று தென்னாப்பிரிக்காவில் சொன்னார்கள், பெண்கள் கொதித்தெழுந்தார்கள். மானப் பிரச்சினையாகவே அது மனதில் தங்கிவிட்டது. சட்டத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் இன்னொருவரும் அதில் மாட்டியிருப்பது தெரிகிறது: பிள்ளை.

1913 மார்ச் 14 அன்று கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். ஹசன் எசொப் என்பவரின் மனைவி பாய் மரியத்தைக் கரையிறங்க விடவில்லை, அதுதான் வழக்கு. பலதார மணத்தை அனுமதிக்கும் மதத்தின் முறைப்படி நடந்த கல்யாணம் சட்டத்தின் கண்ணில் கல்யாணமே இல்லை என்றார். ஒருத்தியோடு மட்டும் காலம் முழுக்க வாழ்ந்தவனுக்கும் இதே கதிதான். அவன் எத்தனை கட்டினான் என்பது கேள்வியில்லை, அவன் மதம் எத்தனையை அனுமதிக்கிறது என்பதே கேள்வி.

பிள்ளை எங்கே வருகிறது? இந்தியர்கள் புதிதாகக் குடியேறுவதைத் தடுக்கவே அங்கே சட்டங்கள் இருந்தன. ஏற்கெனவே குடியிருப்பவனின் மனைவிக்கும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் மட்டும் விலக்கு. பிள்ளைக்கென்று தனி உரிமை ஏதுமில்லை. அப்பாவின் உரிமை அம்மாவின் தாலி வழியாகத்தான் அதற்கு வந்து சேரும். தாலியைக் கணக்கில் எடுக்கவில்லை என்றால் வழி அடைந்துபோகும். அப்பன் டர்பனில் கடை வைத்திருக்கலாம், பையன் முகம் அவரையே உரித்து வைத்திருக்கலாம். அதிகாரிக்கு அதெல்லாம் சாட்சியில்லை.

அந்த வருஷக் கடைசியில் ஜோகன்னஸ்பர்க் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் அனுமதியில்லாமல் எல்லை தாண்டி நேட்டாலுக்குள் போனார்கள். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கக் கூலிகளிடம் பேசி, 3 பவுண்டு தலைவரியை எதிர்த்து வேலைநிறுத்தத்தில் இறக்கினார்கள். சிறைக்கும் போனார்கள். அப்படிச் சிறைக்குப் போன வள்ளியம்மை, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். வயது 16. சட்டம் யாரையும் பிள்ளை என்று ஏற்பதை நிறுத்திக்கொள்ளும் அதே வயது.

1914இல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. தலைவரி ஒழிந்தது, இந்திய மத முறைக் கல்யாணங்களுக்கு அங்கீகாரம் கிடைத்தது. பெரிய வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு மனைவி, அவளுடைய பிள்ளைகள் என்பதே அதன் அளவு. மனைவி செத்துப்போயிருந்தால் அவள் பிள்ளைக்கு வழி இருந்தது. புருஷனுக்கு அங்கேயே, உயிரோடிருக்கும் வேறொருத்தி மூலம் பிள்ளை இருந்தால், ஊரில் காத்திருப்பவளை மனைவியாக ஏற்க முடியாது என்றது சட்டம்.

இந்த இடத்தைத்தான் என்னால் சட்டென்று தாண்ட முடியவில்லை. கடல் கடந்து போனவன் அங்கே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டதெல்லாம் நமக்குப் புதிய கதை இல்லை. ஊரில் கட்டியவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள், பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கும். அவளுக்கு நடந்த கல்யாணத்தில் ஊரே சாப்பிட்டிருக்கும். ஆனால் அந்த ஊர்ச் சாட்சி கடலுக்கு அந்தப் பக்கம் எடுபடாது. அப்பன் எடுத்த முடிவுக்குக் கப்பல்துறையில் நின்று பதில் சொல்ல வேண்டியது அந்தப் பிள்ளைதான்.