ஆவாரம்பூவும் பட்டாளத்து பூட்ஸும்

நம்ம தேனிப் பக்கம் பென்னிகுக் புகழ் பாடாத ஆள் கிடையாது. 1895ல் பெரியாற்றுத் தண்ணி வந்து கம்பம் பள்ளத்தாக்கு பச்சையாச்சு, சரி. தண்ணி எட்டாத கரட்டுல மஞ்சளா பூத்துக் கிடக்கிற ஆவாரைக்கும் ஒரு சரித்திரம் இருக்கு மக்களே.

சென்னை மாகாணத்துல மாட்டுத்தோலைப் பதனிட்டது பெரும்பாலும் இதோட பட்டையை வச்சுத்தான். முதல் உலகப்போரில் (1914-18) பிரிட்டிஷ் சிப்பாய்களோட பூட்ஸுக்கு மேல்தோலா ஏராளமா போனது அந்தத் தோல். அப்புறம் வாட்டில் பட்டை வந்து ஆவாரையை ஓரங்கட்டிருச்சு. கொடைக்கானல்ல நட்ட வாட்டில் இன்னிக்கு அங்கே புல்வெளியை முழுங்கிட்டிருக்கு! (என்னத்தச் சொல்ல?)

வாசல்ல ஒரு ஆவாரை வைக்கலாமே. விதைத்தோல் கெட்டி, சுடுதண்ணியில ராத்திரி முழுக்க ஊறவச்சுப் போடுங்க. வேர் பிடிச்சப்புறம் தண்ணி ஊத்தி ஊத்திக் கொல்லாதீங்க. பூ ஓய்ஞ்சதும் கவாத்து.