விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது!

சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் அம்மா ஒரு மிக்ஸி வாங்கினார். மூன்றாம் நாள் சட்னி அரைக்கும்போது கருகல் வாடை, மோட்டார் நின்றுவிட்டது. தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை. பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். அதுதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு.

இந்த வரிக்கு இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் வெள்ளைக்காரன் காலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. நம் நாட்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 1930-ல் வந்தது. இங்கிலாந்துச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. அதன் 16-வது பிரிவு, வாங்குகிறவன்தான் உஷாராக இருக்க வேண்டும் என்ற பழைய கொள்கையில் ஆரம்பிக்கிறது. ஆனால் அதே பிரிவில் விதிவிலக்குகளும் உண்டு. இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு உதவ வேண்டும். கடையிலேயே சோதித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய குறை என்றால் மட்டும் சட்டம் பெரும்பாலும் கையை விரித்துவிடும்.

ஆக, உரிமை 1930-லேயே இருந்தது. போய் முறையிடத்தான் இடம் இல்லை! சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். வக்கீல் ஃபீஸ், முத்திரைக் கட்டணம், வாய்தா மேல் வாய்தா... ஒரு மிக்ஸிக்காக யார் போவார்கள்? கடைக்காரர்களுக்கும் இது நன்றாகவே தெரியும். அந்தப் பொடி எழுத்து வரி இத்தனை காலம் பிழைத்தது சட்டத்தால் அல்ல, நம் அலுப்பால்தான் என்பது என் எண்ணம்.

1962 மார்ச் 15 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி, நுகர்வோருக்கு நான்கு உரிமைகள் உண்டு என்று தம் நாட்டு நாடாளுமன்றத்துக்கு எழுதினார். (நம் 1930 சட்டத்தின் தேதியும் மார்ச் 15 தான், வேடிக்கையைப் பாருங்கள்.) 1985-ல் ஐ.நா. சபை வழிகாட்டு நெறிகளை ஏற்றது. அடுத்த வருடம், ராஜீவ் காந்தி பிரதமராக இருந்தபோது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்த நாள் 1986 டிசம்பர் 24.

இதில்தான் விஷயமே இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு மன்றம், அதற்கு மேல் மாநில ஆணையம், அதற்கும் மேல் டெல்லியில் தேசிய ஆணையம். வக்கீல் கட்டாயம் இல்லை, நாமே எழுதிக் கொடுக்கலாம். குறை கண்ணுக்குத் தெரியாவிட்டால் பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பவும் வழி உண்டு. மாவட்ட மன்றம் ஆரம்பத்தில் 1 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குகளை விசாரித்தது, பிறகு அந்த வரம்பு படிப்படியாக ஏறியது.

2019-ல் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் இயற்றப்பட்டு, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பில்லில் சொன்ன கெடுவுக்குள் பணத்தைத் தர மறுப்பது நியாயமற்ற வர்த்தக நடைமுறை என்று அதில் பச்சையாகவே எழுதியிருக்கிறது. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள். பில் கொடுக்காமல் இருப்பதும் அதே பட்டியலில் சேர்ந்திருக்கிறது. நாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

சரி, மிக்ஸிக்கு வருவோம். கோர்ட், கேஸ் என்றதும் அம்மா பயந்துவிட்டார். கடிதம்தானே என்று நான் உட்கார்ந்து எழுதினேன். வாங்கிய தேதி, பில் எண், என்ன கோளாறு, நமக்கு என்ன வேண்டும், எத்தனை நாளுக்குள் வேண்டும், அவ்வளவுதான். கோபமாக எழுதியிருந்த இரண்டு வரிகளை அப்பா அடித்துவிட்டார். பில்லின் நகலை இணைத்து, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

ஆறாம் நாள் கடையிலிருந்து போன் வந்தது. வேறு மிக்ஸி கொடுத்தார்கள். புது பில்லிலும் அடியில் அதே வரி!