தாடையை முன்நகர்த்திய கதை



குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகக் கருதுவார் பலர். ஆயினும், பேரொலியோடு எழுந்த குறட்டை திடீரென ஓய்ந்து, சில கணங்கள் மூச்சே நின்று, பின்னர் திணறலோடு மீண்டும் தொடங்குமாயின், அது நோயின் குறியாகும். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாவின் அடி பின்னே சரிந்து மூச்சுவழியை அடைக்கின்றது. இரத்தத்திற் பிராணவாயு குறைய, மூளை உறக்கத்தைக் கலைத்து மூச்சை மீட்கின்றது. ஓரிரவில் நூறு முறைக்கு மேலும் இது நிகழக்கூடும். இத்தகையோர் பகலில் வாகனம் செலுத்துங்கால் கண்ணயர்ந்து விபத்துக்குள்ளாதலும் உண்டு.

வியப்பு யாதெனில், இந்நோய்க்குப் பெயர் வழங்குமுன்னரே பரிகாரத்தின் வித்து ஊன்றப்பட்டுவிட்டது. குளோரோபோமினால் மயங்கிய நோயாளரின் நாக்குச் சரிந்து மூச்சடைப்பதைக் கண்ட வைத்தியர்கள், கீழ்த்தாடையை முன்னே தள்ளி வழி திறந்தனர். 1870களில் இம்முறையை எடுத்துரைத்தோருள் நோர்வே நாட்டு ஹைபேர்க்கும் ஜேர்மனியச் சத்திரசிகிச்சை நிபுணர் எஸ்மார்க்கும் குறிப்பிடத்தக்கவர்.

பின்னர், பிரெஞ்சு வைத்தியர் பியர் றொபின், சிறுத்த தாடையோடு பிறந்த குழவிகள் நாக்குச் சரிவதால் மூச்சுத் திணறுவதை 1923இல் விவரித்தார். கீழ்த்தாடையை முன்கொணரும் வாய்க்கருவியொன்றையும் அவர் ஆக்கியிருந்தார்.

வளர்ந்தோர் உறக்கத்தில் மூச்சு தடைப்படுவதைப் பிரான்சிலும் ஜேர்மனியிலும் ஆய்வாளர் தனித்தனியே பதிவு செய்தது 1965இலேயாம். தொண்டையின் முன்புறத்திற் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்தலே முதலிற் கைக்கொண்ட கடுஞ்சிகிச்சை. 1981இல் அவுஸ்திரேலிய வைத்தியர் கொலின் சலிவன், மூக்கின்வழி காற்றை அமுக்கிச் செலுத்தும் முறையை வெளியிட்டார். மறு ஆண்டில், சிக்காகோவில் றோசலின்ட் காட்றைட் அம்மையாரும் சார்ல்ஸ் சமெல்சனும் நாவை முன்னே பற்றிவைக்கும் வாய்க்கருவியை அறிவித்தனர். அத்தசாப்தத்தின் நடுவே ஜேர்மனியில் மாயர்-ஏவேட் என்பார் தாடையை முன்நிறுத்தும் கருவியைப் பயன்படுத்தினார். அதற்கு இடப்பட்ட பெயர் எஸ்மார்க்கினுடையதே! மயக்கமுற்றோர்க்கு வைத்தியரின் விரல்கள் சில நிமிடங்கள் ஆற்றிய பணியை, உறங்குவோர்க்கு இரவு முழுதும் அக்கருவி ஆற்றியது.

மூச்சுத் தடைகளைக் குறைப்பதிற் காற்றுப் பொறியே வலிமை மிக்கது. எனினும் முகமூடியைப் பொறாது அதனைக் கழற்றி வைப்போர்க்கு அவ்வலிமையாற் பயன் யாது? வாய்க்கருவியை நெடுநேரம் அணிய இயல்வதால், அதன் குறை ஓரளவு ஈடாகின்றது. பொறியைத் தாங்கவியலாத, அல்லது வேறுவழி விரும்பும் வளர்ந்தோர்க்கு வாய்க்கருவியை வழங்கலாமென 2015இல் அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் பரிந்துரைத்தது. அதனாற் தாடை நோதலும், ஆண்டுகள் செல்லப் பற்கள் இடம்பெயர்தலும் உண்டு. ஆதலின் பல் வைத்தியரின் தொடர்ந்த கண்காணிப்பு இன்றியமையாதது.

எனவே, நேயர்களே, வீட்டிலொருவர் உறக்கத்தில் மூச்சு நின்று திணறுவாராயின், அதனை நகைத்து ஒதுக்காதீர்கள். அவர் தம் நிலையைத் தாமே அறியார், அருகிலிருப்போரே அறிவர். முதலில் வைத்தியரிடம் அழைத்துச் சென்று, நோய் இன்னதெனத் தெளிந்த பின்னரே கருவியை நாடுக.