காற்றாலை வாங்கிய ஊராட்சி



ஆடிக் காற்று நம்ம பக்கமும் பலமாத்தான் வீசுது. அந்தக் காற்றை வைத்தே ஒரு ஊராட்சி கடன் அடைத்த வரலாறு இது.

கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி. 1996 முதல் 2006 வரை ஆர். சண்முகம் தலைவராக இருந்தார். வீடுகளுக்குக் குடிதண்ணீர் வந்தது. ஆனா மோட்டார் ஓட ஓட கரண்ட் பில்லும் ஏறியது. முதலில் சூரிய சக்தி தெருவிளக்கு போட்டார்கள். மரக்கழிவில் எரிவாயு எடுத்துத் தண்ணீர் மோட்டார் ஓட்டினார்கள். அப்படியும் போதவில்லை.

2006-ல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கினார்கள். விலை 1 கோடியே 55 லட்சம். ஊராட்சி சேர்த்து வைத்த பணம் 40 லட்சம், மீதி 1 கோடியே 15 லட்சம் பேங்க் கடன்.

காற்றாலை நிற்பது அவங்க ஊரில் இல்லை, உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில். அங்க ஓடினா இங்க எப்படி லைட் எரியும்னு கேட்பீங்க. நாம ஒரு ஊர் பேங்கில் பணம் போட்டு, வேற ஊரில் எடுக்கிறோம்ல, அது மாதிரிதான். மைவாடி கரண்ட் மின்வாரியக் கம்பியில் போகும், ஊராட்சி பில்லில் கழியும். வருஷத்துக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் கிடைக்கும். ஊருக்குத் தேவை 4.5 லட்சம். மீதியை மின்வாரியத்துக்கு விற்று, அந்தப் பணத்தில் கடனைக் கட்டினார்கள்.

இதில் எனக்குப் பிடிச்சது அந்த 40 லட்சம்தான். முதலில் சேமிப்பு, பிறகு கடன், அந்தக் கடனில் வாங்கின பொருளே தவணை கட்டணும். நம்ம குழுவும் இதைத்தானே சொல்லுது!

எங்க வீட்டுக்காரர் பட்டாசு ஆலைக்குப் போறவர். மழை பெய்தால் வேலை இருக்காது. ஒருதடவை கரண்ட் பில் கட்டிட்டு, குழுச் சந்தா கட்ட முடியாமல் கூட்டத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் கணக்குப் போட்டேன். 60 வாட் குண்டு பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால், 2 மாசத்துக்கு 18 யூனிட். 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு 3 யூனிட்கூட ஆகாது. மூணு பல்பு மாற்றினேன், 45 யூனிட் மிச்சம். முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், இப்போ பல தடவை பில்லே வருவதில்லை. சந்தாவும் நிற்கவில்லை.

நமக்குக் காற்றாலை வாங்குற நாள் வருமோ என்னவோ, பல்பு மாற்ற இன்றைக்கே முடியும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, பாஸ் புத்தகத்தோட கரண்ட் அட்டையையும் கொண்டு வாங்க. சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.