மடையில் இருக்கிற சாமி

ஜப்பானின் ஷிண்டோ மரபைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது, பாவூர்சத்திரத்துக்காரனான எனக்கு அது அந்நியமாகவே படவில்லை. அங்கே தெய்வத்துக்கு 'கமி' என்று பெயர். எண்பது லட்சம் கமிகள் என்பார்கள். அது கணக்கு இல்லை, எண்ண முடியாதது என்று அர்த்தம். நெல்லுக்கு இனாரி, தண்ணீருக்குச் சுய்ஜின், அடுப்புக்கு ஒன்று, கக்கூசுக்குக்கூட ஒன்று. வயலைக் காக்கும் கமி வசந்த காலத்தில் மலையிலிருந்து இறங்கி வந்து, அறுவடை முடிந்ததும் மலைக்கே திரும்பிவிடும் என்பது பல ஊர்களில் நம்பிக்கை.

நம்மூர் சாஸ்தாவும் மலைக்காரர்தான். ஆரியங்காவு, அச்சன்கோவில், காரையாறு சொரிமுத்து அய்யனார் என்று பெரிய இடங்கள் எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலைக்குள்ளே. ஆனால் பங்குனி உத்திரத்தன்று சனம் போவது பெரும்பாலும் குளத்தங்கரைக்கு. சென்னை, மும்பையில் இருப்பவர்கள்கூட பஸ் பிடித்து வந்து, தாத்தா பிறந்த ஊர்க் குளத்தைத் தேடிப்போய்ப் பொங்கல் வைப்பார்கள். தன் சாஸ்தா எது என்று தெரியாதவர்கள் சொரிமுத்து அய்யனாரிடம் போவது வழக்கம்.

ஏன் குளக்கரை? குற்றாலத்தில் விழுகிற தண்ணீர் சிற்றாற்றில் ஓடி, கால்வாய்களில் பிரிந்து, குளம் குளமாக நிரம்பினால்தான் இங்கே கார், பிசானம் இரண்டு போகமும். கரை உடைந்தால் ஊர் போச்சு. அந்த இடத்துக்கு ஒரு காவல் வேண்டும். பெயர்களைப் பாருங்கள்: ராஜபாளையம் பக்கம் நீர்காத்த அய்யனார், திருச்செந்தூர் பக்கம் அருஞ்சுனை காத்த அய்யனார். செய்கிற வேலைதான் பெயர். சாமி மரம் என்று வெட்டாமல் விட்ட மரங்களின் வேர் கரையைப் பிடித்துக்கொண்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த 'இடத்துச் சாமி' ஜப்பானில் பட்ட பாடுதான் என்னை யோசிக்க வைத்தது. 1906இல் அந்த அரசாங்கம், கிராமத்துக்கு ஒரு கோவில் போதும், சின்னதை எல்லாம் பெரியதோடு சேர் என்று உத்தரவு போட்டது. சில வருஷங்களில் ஏறக்குறைய எழுபதாயிரம் கோவில்கள் காணாமல் போயின. மியே, வகயாமா மாகாணங்களில் அடி பலம். கோவிலைச் சேர்த்ததும் அதன் தோப்பை வெட்டி விற்றார்கள். மினகத்தா குமகுசு என்ற இயற்கை ஆய்வாளர் கடுமையாக எதிர்த்தார். 1910இல் சிறைக்கும் போனார். மரம் போனால் பறவை போகும், அப்புறம் பூச்சி பெருகும், விளைச்சல் கெடும் என்பது அவர் வாதம். சுற்றுச்சூழல் என்ற பேச்சே இல்லாத காலம் அது!

இங்கே அப்படி உத்தரவு எதுவும் வரவில்லை. நாமே செய்துகொள்கிறோம். எங்கள் சாஸ்தா ஒரு மடைக்குப் பக்கத்தில் இருப்பவர். மடைசாஸ்தா என்றுதான் சொல்லுவோம். போன கொடை சமயத்தில் தகர ஷெட் போய் கான்கிரீட் வந்தது. நிழல் தந்த மருதமரம் இடைஞ்சல் என்று போனது. போர்டில் 'ஸ்ரீ தர்ம சாஸ்தா'. சித்தப்பா கல்யாணப் பத்திரிகையிலும் அதையே அடிக்கச் சொன்னார், கௌரவமாக இருக்குமாம்.

ஆச்சி பத்திரிகையை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "எல்லா ஊர்லயும்தாம்ல தர்ம சாஸ்தா இருக்காரு. நாளைக்கு ஒம் பேரப்பிள்ளைய எந்தக் கொளத்துல வந்து தேடுவாவ?" என்றாள். சித்தப்பா பதில் சொல்லவில்லை. பத்திரிகை ஏற்கெனவே ஐந்நூறு அடித்தாகிவிட்டது.