கடலடியில் கிடைத்த கணிப்பொறி



கிரேக்க நாட்டின் பழைய வரலாற்றைக் கற்கும்பொழுது நாம் பெரும்பாலும் பெயர்களையே கற்கிறோம். சாக்ரடீசு, பிளேட்டோ, ஆர்க்கிமிடீசு, அலெக்சாந்தர் என அப்பட்டியல் நீண்டு செல்கிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளோ பெயர் தெரியாத கைகளின் வேலையைப் பற்றியது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கடலடியில் கிடந்து, 1901ஆம் ஆண்டில் கரையேறிய ஒரு வெண்கலக் கருவியே அது. ஆன்டிகித்தெராக் கருவி என்று அதனை அழைக்கின்றனர்.

ஏதென்ஸ் நகரத்துத் தேசியத் தொல்பொருட்காட்சிச் சாலையில் அக்கருவியின் சிதைவுகளை நான் கண்டிருக்கிறேன். கண்ணாடிப் பேழைக்குள் பச்சை பூத்த மூன்று பெரிய துண்டுகள் இருந்தன. முதற் பார்வைக்கு அவை கடற்பாறையின் உடைசல்கள் போலவே தோன்றின. சற்று உற்று நோக்கிய பிறகே, ஒரு துண்டின் நடுவே நான்கு ஆரக்கால்களுடன் கூடிய சக்கரம் ஒன்று தெரிந்தது. அதன் விளிம்பில் மிக நுண்ணிய பற்கள் வரிசையாக இருந்தன.

என் அருகில் நின்று அதனையே பார்த்துக்கொண்டிருந்தார் அந்நாட்டு அன்பர் ஒருவர். பேச்சுக் கொடுத்தேன். பல கணிப்பொறிகள் அடங்கிய ஒரு தொகுதியை இரவும் பகலும் கண்காணித்துப் பேணுவது தம் தொழில் என்றார். “என் தொழிலில் எதுவும் நிகழாத நாளே வெற்றி நாள். அன்று என்னை எவரும் நினைப்பதில்லை” என்று சொல்லிச் சிரித்தார். பின்னர் அக்கருவியைக் காட்டி, “இதைச் செய்தவரையும் எவரும் நினைப்பதில்லை; ஆனால் இதிலே ஓட்டப்பந்தயங்களின் பெயர்கள் மட்டும் பொறிக்கப்பட்டிருக்கின்றன” என்றார். அவர் சொற்கள் என் உள்ளத்தில் தைத்தன. அவற்றின் பொருளை விரித்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

கருவி கிடைத்த வரலாற்றை முதலில் காண்போம். 1900ஆம் ஆண்டில் சிமி என்னும் தீவைச் சேர்ந்த கடற்பஞ்சு குளிப்போர் சிலர், டிமித்ரியோஸ் கோண்டோஸ் என்னும் தலைவரின் கீழ்க் கடற்பயணம் செய்தனர். புயலில் சிக்கிய அவர்கள், கிரீட் தீவுக்கும் கித்தெராத் தீவுக்கும் இடையே உள்ள ஆன்டிகித்தெரா என்னும் சிறு தீவின் ஓரத்தில் ஒதுங்கினர். அங்கே கடலில் மூழ்கிய எலியாஸ் ஸ்டாடியாட்டிஸ் என்பவர், அடியிலே மனித உடல்களும் குதிரைகளும் குவிந்து கிடப்பதாக அஞ்சி நடுங்கி மேலே வந்தார் என்பர். தலைவரே மூழ்கிப் பார்த்தார். அவை உடல்கள் அல்ல, சிலைகள். வெண்கலக் கை ஒன்றை அவர் மேலே கொண்டு வந்தார். கி.மு. முதல் நூற்றாண்டில் அவ்விடத்தில் மூழ்கிய வணிகக் கப்பல் ஒன்றின் சரக்கே அக்குவியல்.

கிரேக்க அரசாங்கம் அவர்களையே பணிக்கு அமர்த்திக் கடற்படைக் கப்பலையும் துணைக்கு அனுப்பியது. 1900ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கிய பணி அடுத்த ஆண்டு வரை நடைபெற்றது. கப்பல் கிடந்த ஆழமோ ஏறத்தாழ 50 மீட்டர். அவ்வாழத்தில் நீரின் மேற்பரப்பில் உள்ளதைப் போல ஆறு மடங்கு அழுத்தம் மனிதனைத் தாக்கும். செம்புத் தலைக்கவசமும் கித்தான் உடையும் அணிந்து ஒருவர் இறங்குவார். மேலே படகிலிருந்து சிலர் காற்றுப் பம்பைக் கையால் இயக்குவர். வேறொருவர் கயிற்றைப் பற்றியிருப்பார். பம்பை இயக்குபவர் சற்றே அயர்ந்தாலும் கீழே இருப்பவருக்கு மூச்சில்லை. அடியில் நிற்கக் கிடைத்தவை சில நிமிடங்களே.

அப்பணியில் ஒருவர் உயிரிழந்தார், இருவர் முடமாயினர். ஆழத்திலிருந்து விரைந்து மேலேறுவோரின் குருதியில் காற்றுக் குமிழிகள் தோன்றி உடலைக் கெடுக்கின்றன. எவ்வளவு நேரம் தங்கித் தங்கி மேலேற வேண்டும் என்னும் கணக்கை ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிவியலறிஞரும் அவர்தம் துணைவர்களும் வெளியிட்டது 1908ஆம் ஆண்டில்தான். ஆன்டிகித்தெராவில் மூழ்கியவர்களுக்கு அக்கணக்கு கிடைக்கவில்லை. நாம் இன்று வியந்து நோக்கும் பொருளுக்கு அவர்கள் தந்த விலை இது.

சிலைகளைக் கண்டு உலகம் மகிழ்ந்தது. வெண்கலக் கட்டியை எவரும் பொருட்படுத்தவில்லை. 1902ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் அதனுள் பற்சக்கரம் இருப்பது கண்டறியப்பட்டது. 1950களில் டெரெக் டி சோலா பிரைஸ் என்னும் ஆராய்ச்சியாளர் அதனை ஊன்றி ஆராயத் தொடங்கி, 1959ஆம் ஆண்டில் அது பண்டைக் கிரேக்கரின் கணிப்பொறி என்று துணிந்து எழுதினார். பின்னர்க் கிரேக்க அறிஞர் காரலம்போஸ் கரகாலோஸ் ஊடுகதிர்ப் படங்கள் எடுத்து உதவ, 1974ஆம் ஆண்டில் அவர் தம் விரிவான நூலை வெளியிட்டார்.

கணிப்பொறி என்றதும் இன்றைய கருவியை நீங்கள் எண்ணிவிடலாகாது. இதற்கு வேண்டியவாறு புதிய ஆணைகளைத் தர இயலாது. வானத்தின் இயக்கத்தை எண்களாக்கி, அவ்வெண்களைப் பற்களாக்கி, கைப்பிடியைச் சுழற்றியதும் விடை காட்டும் கருவி இது. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். 19 ஆண்டுகளில் 235 அமாவாசைகள் வருகின்றன. அதே காலத்தில் நிலவு விண்மீன்களின் நடுவே 254 முறை சுற்றி வருகிறது. எனவே ஆண்டைக் குறிக்கும் சக்கரம் 19 முறை சுழன்றால், நிலவைக் குறிக்கும் முள் 254 முறை சுழல வேண்டும். 254 பற்கள் கொண்ட சக்கரம் மிகப் பெரிதாகிவிடும் அன்றோ? ஆகவே அதில் பாதியாகிய 127 பற்களை ஒரு சக்கரத்தில் அமைத்து, மற்றொரு சக்கர இணையால் இரட்டித்துக்கொண்டனர். கணக்கறிந்த மாணவர்கள் தாளில் எழுதிப் பார்க்கலாம்: 64இல் 38, 48இல் 24, 127இல் 32 என்னும் மூன்று வகுத்தல்களின் ஈவுகளைப் பெருக்கினால், 254ஐ 19ஆல் வகுத்த ஈவே கிடைக்கும்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. நிலவு வானில் எப்பொழுதும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. இதனைக் காட்டுவதற்கு, 50 பற்கள் கொண்ட இரண்டு சக்கரங்களைச் சற்றே விலகிய அச்சுகளில் அமைத்து, ஒன்றில் உள்ள முளை மற்றொன்றின் காடியில் நழுவிச் செல்லுமாறு செய்தனர். இதனால் முள் சில நாள் விரைந்தும் சில நாள் மெதுவாகவும் செல்லும். பின்புறத்தில் 223 மாதங்களைக் கொண்ட சுருள் வட்டம் ஒன்று கதிரவனையும் நிலவையும் பற்றும் கிரகணங்களை முன்னறிவித்தது. இவை அனைத்தும் சுவடிகளை அடுக்கி வைக்கும் சிறு பெட்டியளவே உள்ள மரப்பெட்டிக்குள் அடங்கியிருந்தன.

இனி விளையாட்டுக்கு வருவோம். 2005ஆம் ஆண்டில் கிரேக்க, ஆங்கில ஆராய்ச்சியாளர்கள் ஒன்றுகூடினர். வானியலார், கணிதர், எழுத்தாய்வாளர், பொறியியலார், அருங்காட்சியகத்தார் எனப் பல துறையினர் அக்குழுவில் இருந்தனர். சிதைவுகளை வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. ஆகவே ஏறத்தாழ எட்டு டன் எடையுள்ள ஊடுகதிர்ப் பொறியே இங்கிலாந்திலிருந்து ஏதென்சுக்கு வந்தது. துண்டுகளின் உள்ளே மறைந்திருந்த எழுத்துகள் தெரிந்தன. பின்புறத்துச் சிறு வட்டம் ஒன்று நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இஸ்த்மியா, ஒலிம்பியா, நெமேயா, பித்தியா என்னும் பெயர்கள் அங்கே காணப்பட்டன. அவை கிரேக்கரின் நான்கு பெருவிழாப் போட்டிகள். டொடோனாவில் நடைபெற்ற நாஆ என்னும் விழாவின் பெயரும் இருந்தது. 2008ஆம் ஆண்டில் இச்செய்தி உலகிற்கு அறிவிக்கப்பட்டது. மற்றொரு பெயரை ரோட்ஸ் தீவின் ஹாலியேயா விழா என்று பின்வந்தோர் வாசித்துள்ளனர்.

விண்ணைக் கணிக்கும் கருவியில் ஓட்டமும் மற்போரும் இடம்பெற்றது ஏன்? கிரேக்க நகரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி நாட்காட்டி வைத்திருந்தன. மாதப் பெயர்களும் பெரும்பாலும் நகருக்கு நகர் வேறுபட்டன. ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒலிம்பியாவில் கூடும் விழா அனைவருக்கும் பொதுவானது. அவ்விழாவை முன்னிட்டு, செல்வோரும் மீள்வோரும் தீங்கின்றிப் பயணம் செய்யும் பொருட்டு உடன்படிக்கை அறிவிக்கப்பட்டது. ஆதலின் வரலாற்றாசிரியர்கள் ஒலிம்பிய விழாவைக் கொண்டே ஆண்டுகளை எண்ணினர். தம்முள் போரிட்டுக்கொண்டிருந்த நகரங்களுக்குப் பொதுவான காலக்கணக்கை விளையாட்டே அளித்தது.

ஆயினும் அவ்விளையாட்டின் மறுபக்கத்தையும் மறைத்தல் கூடாது. ஒலிம்பியாவில் குழுப்போட்டி என்பதே இல்லை. முதல்வனுக்கு மட்டுமே ஒலிவ மாலை. இரண்டாம் பரிசும் மூன்றாம் பரிசும் இல்லை. தேர்ப்போட்டியிலோ மாலை, உயிரைப் பணயம் வைத்துத் தேரோட்டியவனுக்கன்று. குதிரைகளின் உடைமையாளருக்கே உரியது. கி.மு. 776இல் ஓட்டத்தில் வென்றவன் எலிஸ் நாட்டுக் கொரோய்போஸ் என்றும், அவன் சமையற்காரன் என்றும் மரபு கூறுகிறது. அந்தச் சமையற்காரனின் பெயர் இன்றளவும் நிலைத்திருக்கிறது. 127 பற்களை அரத்தால் அறுத்துச் செய்தவனின் பெயரோ அழிந்துவிட்டது. ஆர்க்கிமிடீசும் பொசிடோனியசும் இத்தகைய கருவிகளைச் செய்ததாக ரோமானிய அறிஞர் சிசரோ எழுதியிருக்கிறார். ஆயினும் நமக்குக் கிடைத்த கருவியைச் செய்தவர் இன்னார் என்பதற்குச் சான்று இல்லை. வானை அளந்தவர், கணக்கிட்டவர், வெண்கலம் வார்த்தவர், எழுத்துப் பொறித்தவர் என அதன் பின்னே பலர் நின்றிருத்தல் வேண்டும் என்பதே என் கருத்து.

அருங்காட்சிச் சாலையில் நான் சந்தித்த அன்பர் மற்றொரு நிகழ்ச்சியையும் நினைவூட்டினார். 1987ஆம் ஆண்டில் ஐரோப்பியக் கூடைப்பந்துப் போட்டியின் இறுதியாட்டத்தில் கிரேக்க அணி சோவியத் அணியை 103க்கு 101 என்ற கணக்கில் வென்றது. நிக்கோஸ் காலிஸ் என்னும் பெருவீரர் தனியொருவராக 40 புள்ளிகள் எடுத்தார். ஆனால் நேரம் முடிய நான்கு நொடிகள் இருந்தபோது, வெற்றியைத் தந்த இரண்டு எறிகளை எறிந்தவர் ஆர்கிரிஸ் கம்பூரிஸ் என்னும் மற்றொருவர். “அன்று நான் சிறுவன். எல்லோரும் காலிசாக விரும்பினோம். இப்பொழுது எனக்குக் கம்பூரிசைத்தான் மிகவும் பிடிக்கிறது” என்றார் அவர். அவர் தொழிலை நினைத்தபொழுது, அவ்விருப்பத்தின் காரணம் எனக்கு விளங்கிற்று.

மாணவ நண்பர்களே! வெற்றி மாலையை நான் இகழவில்லை. கொரோய்போஸ் ஓடியிராவிடில் கிரேக்கரின் காலக்கணக்கு ஏது? காலிஸ் ஆடியிராவிடில் கம்பூரிசுக்கு அந்த இரண்டு எறிகள் ஏது? ஆனால் வரலாற்றைப் படிக்கும்பொழுது மாலை சூடியவனோடு நின்றுவிடாதீர்கள். கடலில் இறங்கியவனைக் காணும்பொழுது, மேலே கயிற்றைப் பற்றியிருந்தவனையும் தேடுங்கள். அவன் பெயர் நூலில் இராது. இருப்பினும், அவன் கை தளர்ந்திருந்தால் அந்நூலே எழுதப்பட்டிராது. நாளை நீங்கள் ஓர் ஆய்வுக்கூடத்திலோ தொழிற்சாலையிலோ கணிப்பொறிக் கூடத்திலோ பணியாற்றும் நாளில், கயிற்றைப் பற்றும் முறை உங்களுக்கும் வரும். அப்பொழுது மாலை எங்கே என்று கேளாமல், கீழே இருப்பவரின் மூச்சை நினைத்து அக்கயிற்றை உறுதியாகப் பற்றிக்கொள்ளுங்கள்.