பாதிதான் காட்டுது

"சார், புது டிஸ்க் போட்டேன், பாதிதான் காட்டுது." தொண்ணூறுகளின் நடுவில் சென்னை ரிச்சி தெருவில் சர்வீஸ் வேலை பார்த்த எங்களுக்கு இந்தப் புகார் மனப்பாடம். 850 எம்.பி. டிஸ்க் வாங்கியவருக்குத் திரையில் 504 எம்.பி.தான் தெரியும். டிஸ்க்கில் பழுது கிடையாது, விற்றவரும் ஏமாற்றவில்லை. மதர்போர்டில் இருந்து கம்ப்யூட்டரை எழுப்பும் பயாஸ் நிரலுக்கு அதற்கு மேல் எண்ணத் தெரியவில்லை. அந்த எல்லை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்த பிறகுதான் இந்தத் தொழில்மேல் எனக்குப் பிடிப்பு உண்டானது.

1981இல் வந்த ஐபிஎம் பிசியில் ஹார்டு டிஸ்க்கே இல்லை. 1983இன் எக்ஸ்டியில் 10 எம்.பி. டிஸ்க் வந்தது. அடுத்த ஆண்டு ஏடி வந்தபோது, பயாஸுக்குள் டிஸ்க் வகைகளின் அட்டவணை ஒன்றை எழுதி வைத்தார்கள். நம் டிஸ்க் எந்த வகையோ அந்த எண்ணை செட்டப்பில் கொடுக்க வேண்டும். பின்னால் வந்த குளோன் போர்டுகளில் பட்டியல் நீண்டது. 47ஆம் வகையை நாமே நிரப்பிக்கொள்ளும்படி விட்டார்கள். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்து சிலிண்டர், ஹெட், செக்டர் மூன்றையும் தட்டுவோம். லேபிள் கிழிந்த டிஸ்க் வந்தால் அன்றைய பொழுது அதோடு போய்விடும்.

504க்கான காரணம் இந்த மூன்று எண்களில்தான் இருக்கிறது. பயாஸ் 1024 சிலிண்டர், 256 ஹெட், 63 செக்டர் வரை இடம் விட்டிருந்தது. ஐடிஇ டிஸ்க்கின் கணக்கோ 65,536 சிலிண்டர், 16 ஹெட், 255 செக்டர். தனியாகப் பார்த்தால் முதல் கணக்கு 8.4 ஜி.பி. வரை போகும், இரண்டாவது ஏறக்குறைய 137 ஜி.பி. வரை போகும். இரண்டையும் சேர்த்து வைத்தால், ஒவ்வொன்றிலும் எது சிறியதோ அதுதான் செல்லும்: 1024, 16, 63. செக்டருக்கு 512 பைட் என்று பெருக்கினால் 52,84,82,304 பைட். பயாஸ் திரையில் காட்டும் 504 எம்.பி. அதுவே. இரண்டு தரப்பும் தாராளமாகத்தான் ஒதுக்கியிருந்தன; ஒருவர் கணக்கை இன்னொருவர் பார்க்காமல் ஒதுக்கியதுதான் வினை.

தீர்வு எல்பிஏ. பயாஸே இடையில் நின்று எண்களை மாற்றிச் சொல்லும். ஆனால் அதற்குப் புது பயாஸ் வேண்டும்; பழைய 486 போர்டுகளில் பல, பயாஸை ஈப்ராம் சிப்பில் வைத்திருந்தன. மேலே இருக்கும் ஸ்டிக்கரை உரித்துப் புற ஊதா ஒளியில் காட்டினால்தான் அது அழியும். அதற்கெல்லாம் கடையில் வசதி ஏது? ஆன்ட்ராக் டிஸ்க் மேனேஜரைப் போட்டுச் சமாளிப்போம். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. டிஸ்க்கின் முதல் செக்டரில் உட்கார்ந்திருக்கும் அந்த நிரலை யாராவது விவரம் தெரியாமல் அழித்துவிட்டால், உள்ளே இருக்கும் கணக்கு வழக்கு எதையும் எளிதில் எடுக்க முடியாது.

பென்டியம் போர்டுகளோடு ஃபிளாஷ் சிப் பரவியதும் எங்கள் வேலையே மாறியது. கம்ப்யூட்டர் எழும்போது பாஸ் பட்டனை அழுத்தித் திரையை நிறுத்தி, அடியில் ஓடும் நீள எண்ணைக் குறித்துக்கொள்வோம். போர்டு எது என்று அதுதான் சொல்லும். புது பயாஸின் 128 கே.பி. கோப்பை டயல்-அப்பில் இறக்கி, டாஸ் ஃபிளாப்பியில் ஏற்றி, பழைய பயாஸுக்கு ஒரு நகல் எடுத்த பின்பே எழுதத் தொடங்குவோம். யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடக் கூடாது. பாதியில் மின்சாரம் போனால் போர்டு எழாது.

1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் வைரஸ் அதைத்தான் செய்தது. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய அது, டிஸ்க்கின் தொடக்கத்தை அழித்ததோடு பல போர்டுகளின் பயாஸையும் சிதைத்தது. அப்படிச் செத்த சிப்பைப் பிழைக்க வைக்கும் வித்தை ஒன்று உண்டு. அதே மாடல் போர்டு ஒன்றை டாஸில் எழுப்பி, கரண்ட் ஓடும்போதே அதன் பயாஸ் சிப்பைப் பிடுங்கி, செத்த சிப்பைச் செருகி எழுத வேண்டும். பின் ஒன்று வளைந்தாலும் இரண்டு போர்டும் போச்சு. அதைக் கை நடுங்காமல் செய்தவர்களைத் தெருவே மதித்தது.

டிஸ்க் அளவின் எல்லைகள் 504 எம்.பி.யோடு முடியவில்லை. 33.8 ஜி.பி.க்கு மேலான டிஸ்க்கை மாட்டினால் அவார்டு பயாஸின் பழைய பதிப்புகள் பல உறைந்து நின்றன. டிஸ்க்கில் ஜம்பர் போட்டுக் கொள்ளளவைக் குறைக்கலாம், அல்லது 1999இன் நடுவில் திருத்தப்பட்ட பயாஸை ஏற்றலாம். விற்றுத் தீர்ந்த போர்டுகளுக்கும் காசு வாங்காமல் திருத்தம் எழுதித் தந்த பொறியாளர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அடுத்து 137 ஜி.பி. எல்லை வந்தது, 48 பிட் முகவரி அதைத் தாண்டியது.

இன்று அந்த பயாஸ் கோப்புகள்தான் அரிதாகி வருகின்றன. அபிட் 2008 இறுதியோடு போர்டுத் தொழிலை விட்டது. வேறு சில நிறுவனங்களும் இல்லாமலே போயின. பழைய போர்டுகளை நம்பி இன்னும் ஓடும் இயந்திரங்கள் இருக்கின்றன. உங்கள் பரணில் போர்டு மேனுவலோ, டிரைவர் சிடியோ, பயாஸ் ஃபிளாப்பியோ கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். முதலில் ஒரு நகல் எடுத்து, மாடல் எண்ணை எழுதி, பழுது பார்ப்பவர் யாரிடமாவது கொடுங்கள்.